குரல் போகாத கணினி

வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி. விண்டோஸ் அதில் ஊர்ந்துதான் ஓடுகிறது. கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை அதை நீக்கிவிட்டு லினக்ஸ் போட்டுத் தருகிறார். இணையம் சட்டென்று திறக்கிறது. படம் ஓடுகிறது, பாட்டு கேட்கிறது, கடிதம் தட்டச்சு செய்ய முடிகிறது. அன்று மாலை வெளிநாட்டில் இருக்கும் மகளை இணையம் வழியே அழைக்கிறார் அப்பா. மணி அடிக்கிறது, மகள் எடுக்கிறாள். அவள் குரல் தெளிவாக வருகிறது: "அப்பா, நீங்க பேசுறது ஒண்ணுமே கேக்கலப்பா."

இணைய அழைப்பு பரவிய முதல் பத்தாண்டில், ஏறத்தாழ 2004 முதல் 2014 வரை, லினக்ஸுக்கு மாறிய பலரும் இந்த நிலையில் வந்து நின்றார்கள். மைக் அதேதான். இணைய இணைப்பு அதேதான். ஒலிபெருக்கியில் பாட்டு ஒலிக்கிறது என்றால் ஒலி அட்டையிலும் பழுதில்லை. நேற்றுவரை விண்டோஸில் பேசிக்கொண்டிருந்த இயந்திரம் இன்று ஏன் பேச மறுக்கிறது?

திறமைக் குறைவா?

முதலில் தோன்றும் பதில், லினக்ஸுக்கு அந்த வேலை தெரியாது என்பது. அந்தப் பதில் தவறு என்பதற்கு நல்ல சாட்சிகள் உண்டு.

1999இல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர் லினக்ஸ் கணினி ஒன்றையே தொலைபேசி இணைப்பகமாக மாற்றும் மென்பொருளை எழுதினார். பெயர் ஆஸ்டரிஸ்க். அலுவலகங்களிலும் அழைப்பு மையங்களிலும் உள்ளிணைப்பு எண்களை இணைத்துத் தரும் வேலையை அது உலகெங்கும் செய்யத் தொடங்கியது. ஒரே நேரத்தில் பல நூறு பேருடைய பேச்சைக் கைமாற்றிவிட லினக்ஸால் முடிந்தது. இன்னொரு சாட்சி பெரும்பாலானோரின் சட்டைப் பையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியின் அடித்தளத்தில் இருப்பது லினக்ஸ் கர்னல்தான். கர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு; வன்பொருளை நேரடியாக ஆள்வது அது. கோடிக்கணக்கானோர் தினமும் அதன் மேல்தான் பேசுகிறார்கள்.

ஆகவே கோளாறு உட்கருவில் இல்லை. உட்கருவுக்கும் அழைப்புச் செயலிக்கும் இடையில், அந்தச் செயலிக்கும் மறுமுனையில் இருப்பவருக்கும் இடையில், எங்கோ இருக்கிறது. கண்டுபிடிக்க ஒரே வழி, ஒரு சொல்லின் பின்னாலேயே போய்ப் பார்ப்பது.

ஒரு 'வணக்கம்' புறப்படுகிறது

ஒருவர் மைக் முன் 'வணக்கம்' என்கிறார். சொல்லி முடிக்க 0.8 விநாடி ஆகிறது என்று கொள்வோம். காற்றின் அதிர்வு மைக்கில் மின்னழுத்தமாக மாறுகிறது. அந்த மின்னழுத்தத்தை ஒலி அட்டை விடாமல் அளந்து எண்களாக எழுதுகிறது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் மாதிரி என்று பெயர். பழைய தொலைபேசியின் தரம் போதுமென்றால் விநாடிக்கு 8,000 மாதிரிகள் எடுத்தால் போதும். 0.8 விநாடிக்கு 6,400 மாதிரிகள். ஒவ்வொன்றும் ஒரு பைட். 'வணக்கம்' இப்போது 6,400 பைட்டுகள்.

இவற்றை மொத்தமாகச் சேர்த்து அனுப்ப முடியாது. சொல்லி முடியும்வரை காத்திருந்தால் பேச்சு தடைபடும். ஆகவே 20 மில்லி விநாடிக்கு ஒரு துண்டாக வெட்டுகிறார்கள். ஒரு துண்டில் 160 மாதிரிகள். மொத்தம் 40 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் தனித்தனியே இணையத்தில் பயணிக்க வேண்டும் என்பதால், யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனையாவது துண்டு என்ற குறிப்புகள் அதன் தலையில் ஏறுகின்றன. அந்தக் குறிப்புகளுக்கு 40 பைட். இப்படிக் கட்டிய துண்டுக்குப் பொதி என்று பெயர். ஒரு பொதி 200 பைட். 40 பொதிக்கு 8,000 பைட். கணக்குப் போட்டால் விநாடிக்கு 80 கிலோபிட் வருகிறது. 2000களின் தொடக்கத்தில் பல வீடுகளில் இருந்த தொலைபேசிவழி இணையத்தின் உச்ச வேகமே 56 கிலோபிட்தான். 'வணக்கம்' அந்தக் குழாயில் நுழையாது.

இங்கேதான் குரல் சுருக்கி வருகிறது. மனிதக் குரலின் இயல்பை முன்கூட்டியே அறிந்துவைத்து, தேவையற்றதை நீக்கி, மிச்சத்தைச் சுருக்கி எழுதும் நிரல் அது. கைபேசி உலகில் பிறந்த ஜிஎஸ்எம் சுருக்கி 160 பைட் துண்டை 33 பைட்டாக்கும். தலைக்குறிப்பு 40 பைட், உள்ளே குரல் 33 பைட். சுமக்கும் சரக்கைவிட முகவரி பெரிது. இருந்தாலும் 'வணக்கம்' முழுவதும் இப்போது 2,920 பைட்டில் அடங்குகிறது. வேகம் விநாடிக்குச் சுமார் 29 கிலோபிட். பழைய இணைப்பிலும் போய்விடும்.

அளவுச் சிக்கல் தீர்ந்தது. நேரச் சிக்கல் மிச்சமிருக்கிறது. ஒருவர் வாய் திறந்ததிலிருந்து மறுமுனையில் இருப்பவர் காதில் விழும்வரை 150 மில்லி விநாடிக்குள் முடிந்துவிட்டால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவார். இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

அந்த 150ஐச் செலவழித்துப் பார்க்கலாம். ஒரு துண்டு நிரம்பவே 20 போய்விடுகிறது. 10,000 கிலோமீட்டர் கண்ணாடி இழையைக் கடக்க ஒளிக்குச் சுமார் 50 வேண்டும். பொதிகள் ஒரே சீராக வந்து சேர்வதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஆகவே மறுமுனைக் கணினி வந்த பொதிகளைச் சற்றே தேக்கி வைத்துத்தான் ஒலிக்கவிடும். அதற்கு 60 என்று வைத்துக்கொள்ளலாம். ஆக மொத்தம் 130. இரண்டு முனைகளிலும் கணினிகளுக்கு உள்ளே நடக்கும் வேலைகள் அனைத்துக்கும் சேர்த்து மிஞ்சியது வெறும் 20 மில்லி விநாடி.

பாட்டு கேட்பதற்கும் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். பாட்டை ஓட்டும் மென்பொருள் இரண்டு விநாடி ஒலியை முன்கூட்டியே ஒலி அட்டையிடம் தந்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கேட்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அழைப்பு மென்பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. நாளைய பேச்சை இன்றே வாங்கி வைக்க முடியாதே. அதற்கு மைக்கும் வேண்டும், ஒலிபெருக்கியும் வேண்டும், இரண்டும் அந்தக் கணமே வேண்டும். லினக்ஸ் கணினியில் பாட்டு பிசிறில்லாமல் கேட்டதும் பேச்சு போகாததும் ஒரே நாளில் எப்படி நடந்தன என்பதன் முதல் பாதி இங்கே இருக்கிறது.

ஒலி அட்டைக்கு மூன்று வாசல்

மறு பாதி, ஒலி அட்டையை அணுகும் வாசலில் இருக்கிறது. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் என்ற ஒரே நிறுவனம் அந்த வாசலைக் கட்டியது. லினக்ஸில் மூன்று வாசல்கள், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகளால் கட்டப்பட்டன.

முதல் வாசல் ஓஎஸ்எஸ். ஃபின்லாந்துக்காரர் ஹன்னு சவோலைனன் 1990களில் உருவாக்கியது. எளிமையானது. ஆனால் சாதாரண ஒலி அட்டை இருந்த கணினிகளில் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளைத்தான் உள்ளே விடும். பின்னணியில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தால், ஏன், உலாவியில் ஒரு விளம்பரம் சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தால்கூட, அழைப்பு மென்பொருள் வெளியிலேயே நிற்க வேண்டும்.

இரண்டாவது அல்சா. செக் நாட்டைச் சேர்ந்த யாரோஸ்லாவ் கிசெலா 1998இல் தொடங்கிய திட்டம். 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6 கர்னலில் அதுவே முதன்மை வாசலானது. பல மென்பொருள்களின் ஒலியைக் கலந்து தரும் வசதி அதில் வந்தது.

மூன்றாவது பல்ஸ்ஆடியோ. 2004இல் லென்னர்ட் போட்டரிங் தொடங்கியது. எல்லா மென்பொருளும் ஒலியை இதனிடம் தரும். இது கலந்து, அளவு சரிசெய்து, அல்சாவிடம் தரும். ஹெட்ஃபோனைச் செருகினால் ஒலி தானாக அங்கே மாறுவது, ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி ஒலி அளவு வைப்பது எல்லாம் இதனால் வந்தவை. 2007 நவம்பரில் ஃபெடோரா 8, 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 இதை இயல்பாகவே சேர்த்து வந்தன. நல்ல திட்டம். ஆனால் அவசரமாக வீடுகளுக்குள் நுழைந்தது. மின்சாரத்தைச் சேமிப்பதற்காகப் பெரிய அளவு ஒலியை முன்கூட்டி வாங்கி வைக்கும் வழியை அது கையாண்டது. அதற்கு ஒலி அட்டை டிரைவர்கள் 'இந்தக் கணத்தில் எந்த மாதிரி ஒலித்துக்கொண்டிருக்கிறது' என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும். பல டிரைவர்கள் துல்லியமாகச் சொல்லவில்லை. பாட்டுக்கு அது பெரிய தொல்லையில்லை. 20 மில்லி விநாடியை நம்பி இருக்கும் பேச்சுக்குப் பெரிய தொல்லை.

எந்த வாசலில் போய்த் தட்டுவது என்று அழைப்பு மென்பொருளை எழுதுபவர் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். அவர் எழுதி முடிக்கும்போது பயனாளியின் கணினியில் வாசல் மாறியிருக்கும்.

ஸ்கைப் என்ற மூடிய பெட்டி

2003 ஆகஸ்டில் ஸ்கைப் வந்தது. சுவீடனின் நிக்லஸ் சென்ஸ்ட்ரோமும் டென்மார்க்கின் யானுஸ் ஃபிரீஸும் தொடங்கிய நிறுவனம். மென்பொருளை எழுதியவர்கள் எஸ்தோனியாவைச் சேர்ந்தவர்கள். காசில்லாமல் கண்டம் தாண்டிப் பேசலாம் என்பதை உலகம் நம்பியது ஸ்கைப்பால்தான். மறு ஆண்டே, 2004இல், லினக்ஸுக்கான சோதனைப் பதிப்பையும் வெளியிட்டார்கள். கணினி பயன்படுத்துவோரில் நூற்றுக்கு ஒருவர் இருவர்தான் லினக்ஸ் வைத்திருந்த காலம் அது. அவர்களையும் நினைத்துப் பார்த்ததைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பதிப்பு ஓஎஸ்எஸ் வாசலைத்தான் அறிந்திருந்தது. அல்சா முதன்மை வாசலாகி இரண்டரை ஆண்டு கழித்து, 2006இல்தான் ஸ்கைப் 1.3 அல்சாவைக் கற்றுக்கொண்டது. அதற்குள் பல்ஸ்ஆடியோ வந்துவிட்டது. அதனுடன் ஒத்துப்போகும் 2.1 சோதனைப் பதிப்பு 2009 ஆகஸ்டில் வந்தது. கடைசியில் 2014 ஜூனில் வெளியான 4.3 பதிப்பு பல்ஸ்ஆடியோவை மட்டுமே ஏற்கும் என்றானது. அல்சாவை நேரடியாக நம்பியிருந்தவர்கள் வெளியே நின்றார்கள். ஒவ்வொரு முறையும் இடையில் விழுந்த ஓரிரு ஆண்டுகளில்தான் "கேக்கலப்பா" என்ற குரல் அதிகம் ஒலித்தது.

சாதாரணமாக லினக்ஸ் உலகில் இப்படி ஒரு சிக்கல் வந்தால் யாராவது ஒருவர் மூலநிரலைத் திறந்து, பிழையைச் சரிசெய்து, எல்லோருக்கும் தந்துவிடுவார். ஸ்கைப்பில் அது முடியாது. மூலநிரல் மூடியது. பேசும் நெறிமுறையும் மறையாக்கப்பட்டது. நெறிமுறை என்பது இரண்டு கணினிகள் எந்த ஒழுங்கில் செய்தி பரிமாற வேண்டும் என்ற உடன்பாடு. அது வெளியே தெரியாததால் வேறு யாரும் ஸ்கைப்புடன் பேசும் மாற்று மென்பொருளை எழுதவும் முடியவில்லை.

ஆகவே பயனாளிகள் வெளியிலிருந்தே வழி தேடினார்கள். ஸ்கைப் ஓஎஸ்எஸ் வாசலைத் திறக்கப் போகும்போது, நடுவில் ஒரு சிறு நிரல் புகுந்து, அந்தக் கோரிக்கையை அல்சா பக்கம் திருப்பிவிடும். இப்படிப்பட்ட பல நிரல்கள் கைக்குக் கை பரவின.

படத்துக்கும் இதே கதைதான். விண்டோஸ் ஸ்கைப்பில் முகம் பார்த்துப் பேசும் வசதி 2006 தொடக்கத்தில் வந்தது. லினக்ஸில் அது முழு வடிவம் பெற 2008 மார்ச் ஆனது. அப்போதும் கேமராவை அணுகும் பழைய முறையைத்தான் அது பயன்படுத்தியது. 2011இல் வெளியான 2.6.38 கர்னல் அந்தப் பழைய முறையை அடியோடு நீக்கியது. பழைய முறையில் கேட்டால் புதிய முறையில் பதில் வாங்கித் தரும் இணைப்பு நிரலகம் ஒன்றை ஹான்ஸ் டி கூடே என்ற நெதர்லாந்து நிரலாளர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். அதை முதலில் ஏற்றிவிட்டு ஸ்கைப்பைத் தொடங்கினால் முகம் தெரியும். இந்த ஒரு வரிக் கட்டளையைத் தாளில் எழுதிக் கணினி மேல் ஒட்டி வைக்காதவர்கள் அன்று குறைவு.

இன்னும் சிறுபான்மையான இயங்குதளங்களும் இருந்தன. ஃப்ரீபிஎஸ்டிக்கு ஸ்கைப் பதிப்பே கிடையாது. ஆனால் லினக்ஸ் மென்பொருளின் கோரிக்கைகளைத் தன் மொழியில் மாற்றிக்கொள்ளும் ஓர் அடுக்கு ஃப்ரீபிஎஸ்டியில் உண்டு. லினக்ஸுக்கான ஸ்கைப்பை அதன் மேல் ஓட்டினார்கள். நிறுவனம் கைவிட்ட இடத்தில் ஒலியைக் கொண்டுசேர்க்க அந்தப் பயனாளிகள் செலவிட்ட உழைப்பு மதிக்கத்தக்கது. அந்த உழைப்பு தேவைப்பட்டதே என்பதுதான் வருத்தம்.

திறந்த பாதையில் எகிகா

மூடிய பெட்டி வேண்டாமென்றால் திறந்த மென்பொருளை நாமே எழுதலாமே? எழுதினார்கள். பெல்ஜியத்தில் பொறியியல் மாணவராக இருந்த டாமியன் சாண்ட்ராஸ் தன் படிப்பின் இறுதித் திட்டமாக க்னோம்மீட்டிங் என்ற லினக்ஸ் அழைப்பு மென்பொருளைத் தொடங்கினார். ஸ்கைப் பிறப்பதற்கு முன்பே அது பேசிக்கொண்டிருந்தது. 2006இல் அது எகிகா என்று பெயர் மாறியது. பிரான்சில் 2001இல் தொடங்கிய லின்ஃபோன் இன்னொன்று. எகிகா சில ஆண்டுகள் உபுண்டுவுடன் கூடவே வந்தது. தனியே நிறுவ வேண்டியதில்லை.

இவை பேசிய நெறிமுறைகள் வெளிப்படையானவை. முதலில் 1996இல் வந்த எச்.323; பிறகு 2002இல் திருத்தமாக வெளியான எஸ்ஐபி. எஸ்ஐபி பேசும் எந்தக் கருவியும் எஸ்ஐபி பேசும் இன்னொரு கருவியை அழைக்கலாம். அலுவலக மேசைத் தொலைபேசியையும் அழைக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இவ்வளவு இருந்தும் எகிகா ஏன் வீடு வீடாகப் போகவில்லை? ஒரு தடை, வீட்டு ரூட்டர். இணைய முகவரிகள் போதாததால், ஒரு வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள எல்லாக் கணினிகளும் வெளியுலகுக்கு ஒரே முகவரியைக் காட்டுகின்றன. உள்ளே யாருக்கு என்று பிரித்துத் தருவது ரூட்டரில் இருக்கும் முகவரி மாற்றி. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிற்காவலர் போல அது. உள்ளிருந்து போன கடிதத்துக்குப் பதில் வந்தால் சரியான வீட்டில் சேர்க்கும். யாரும் எதிர்பாராமல், வீட்டு எண்ணும் இல்லாமல் வரும் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அழைப்பு என்பதே எதிர்பாராமல் வருவதுதான். எஸ்ஐபியில் மணி அடிக்கும் செய்தி ஒரு வழியிலும் குரல் வேறு வழியிலும் போவதால், மணி அடித்து, எடுத்து, ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்பது சாதாரணமாக நடந்தது. முதலில் பார்த்த அப்பாவுக்கும் மகளுக்கும் இதுவேகூட நேர்ந்திருக்கலாம்.

இதற்கு வழி உண்டு. இருவருக்கும் தெரிந்த ஒரு பொதுக் கணினி, இருவருடைய வெளி முகவரிகளையும் சொல்லித் தரும். இருவரும் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் பொதி அனுப்புவார்கள். இரண்டு முகவரி மாற்றிகளும் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதைப் பதில் என்று எண்ணி உள்ளே விடும். இதைச் செய்யும் முறைகள் 2003 தொடங்கித் தரப்படுத்தப்பட்டன. முழுமை பெறப் பல ஆண்டுகள் ஆயின. ஸ்கைப் இதைப் பிறந்த அன்றே தன் பாணியில் செய்துவிட்டது. பயனாளி எதையும் நிரப்ப வேண்டாம், எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். எகிகாவோ முதல் முறை திறந்ததும் இணைப்பு வகை, முகவரி மாற்றி வகை, ஒலிக் கருவி என்று பக்கம் பக்கமாகக் கேட்டது.

அடுத்த தடை காப்புரிமை. சிக்கனமாகவும் தரமாகவும் இருந்த ஜி.729 போன்ற சுருக்கிகளுக்கு அன்று உரிமத் தொகை கட்ட வேண்டியிருந்தது. இலவசமாகப் பகிரப்படும் ஒரு மென்பொருள் அதை யாரிடம் வசூலித்துக் கட்டும்? ஆகவே திறந்த மென்பொருள்கள் அவற்றைத் தவிர்த்தன. ஜான்-மார்க் வாலன் என்ற கனடிய ஆய்வாளர் காப்புரிமைத் தளை இல்லாத ஸ்பீக்ஸ் என்ற சுருக்கியை உருவாக்கித் தந்தது அந்த வெறுமையில்தான்.

எல்லாவற்றுக்கும் மேலான தடை ஒன்று இருந்தது. மகள் ஸ்கைப்பில் இருந்தாள். அவளுடைய தோழிகள் ஸ்கைப்பில் இருந்தார்கள். உரை எழுதும் மென்பொருளையோ படம் திருத்தும் மென்பொருளையோ ஒருவர் தனக்குப் பிடித்ததாகத் தேர்ந்துகொள்ளலாம். அழைப்பு மென்பொருளை அப்படித் தேர்ந்துகொள்ள முடியாது. அது இருவர் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. பெரும்பாலும் மறுமுனையில் இருப்பவர் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவு. சிறுபான்மை இயங்குதளத்தில் இருப்பவருக்கு வலி கூடுவது இங்கேதான். தொழில்நுட்பக் குறையைத் திறமையால் சரிக்கட்டலாம். பெரும்பான்மை எங்கே குடியிருக்கிறதோ அதைத் திறமையால் மாற்ற முடியாது.

விண்டோஸில் பிழை, லினக்ஸில் மௌனம்

2010 டிசம்பர் 22 அன்று உலகெங்கும் ஸ்கைப் செயலிழந்தது. காரணம் விண்டோஸ் பதிப்பில் இருந்த ஒரு பிழை.

அக்காலத்தில் ஸ்கைப்புக்கு மைய இணைப்பகம் கிடையாது. நல்ல இணைப்பும் வலுவும் உள்ள பயனாளிகளின் கணினிகளே மற்றவர்களுக்கு வழிகாட்டும் கணுக்களாக வேலை செய்தன. விண்டோஸுக்கான 5.0.0.152 என்ற பதிப்பை அப்போது ஏறத்தாழ பாதிப் பயனாளிகள் வைத்திருந்தார்கள். அதில் சுமார் 40 சதவீதம் ஒரே நேரத்தில் முறிந்து விழுந்தது. வழிகாட்டும் கணுக்களில் 25 முதல் 30 சதவீதம் அந்தக் கூட்டத்தில் இருந்தன. எஞ்சிய கணுக்கள் சுமை தாங்காமல் சரிந்தன. அந்தப் பிழை இல்லாத லினக்ஸ் பதிப்பை வைத்திருந்தவருக்கும் அன்று மௌனம்தான்.

2011இல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலருக்கு ஸ்கைப்பை வாங்கியது. மறு ஆண்டு அந்தக் கணுக்களைப் பயனாளிகளின் கணினியிலிருந்து எடுத்துத் தன் தரவு மையத்தில் வைத்தது. பாதுகாப்பு இறுக்கப்பட்ட சுமார் 10,000 கணினிகள். அவற்றில் ஓடிய இயங்குதளம் லினக்ஸ். உலகின் ஸ்கைப் அழைப்புகளுக்கு லினக்ஸ் வழிகாட்டிக்கொண்டிருந்த அதே 2012இல், லினக்ஸ் மேசைக் கணினிக்கான ஸ்கைப் 2ஆம் வரிசைப் பதிப்பிலிருந்து அப்போதுதான் 4.0க்கு வந்தது. விண்டோஸ் பதிப்பு 5ஐத் தொட்டு இரண்டாண்டு ஆகியிருந்தது. திறமை இருந்ததா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

உலாவிக்குள் குடியேறிய தொலைபேசி

தீர்வு எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. ஜிப்ஸ் என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட ஒரு நிறுவனம் குரல் எந்திரங்களைச் செய்து விற்றது. எதிரொலி நீக்குவது, தொலைந்த பொதியின் இடத்தை நிரப்புவது போன்ற வேலைகளை முடித்துத் தரும் நிரல் தொகுப்பு அது. தொடக்ககால ஸ்கைப்பே அதை உரிமம் பெற்றுப் பயன்படுத்தியது. 2010இல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கி, 2011இல் அதன் எந்திரத்தைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அதன் மேல் எழுந்தது வெப்ஆர்டிசி.

வெப்ஆர்டிசி என்றால், ஓர் இணையப் பக்கமே மைக்கையும் கேமராவையும் அனுமதி கேட்டுத் திறந்து, இன்னோர் உலாவியுடன் நேரடியாகப் பேசும் ஏற்பாடு. முகவரி மாற்றியைத் தாண்டும் முறைகள், எதிரொலி நீக்கி, குரல் சுருக்கி, மறையாக்கம் எல்லாம் உலாவிக்குள்ளேயே. 2013 பிப்ரவரியில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஒன்றையொன்று அழைத்துக் காட்டின.

இதனால் லினக்ஸுக்கு என்ன லாபம்? மூன்று வாசல்களில் எதைத் தட்டுவது என்ற கவலை அழைப்பு மென்பொருளை எழுதுபவரிடமிருந்து உலாவியை எழுதுபவரிடம் போயிற்று. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் லினக்ஸில் நன்றாகவே ஓடின. அவை ஒரு முறை வாசலைச் சரிசெய்தால், உலகில் உள்ள எல்லா இணைய அழைப்புச் சேவைகளுக்கும் சரியாகிவிடும்.

சுருக்கிச் சிக்கலும் அதே காலத்தில் தீர்ந்தது. ஸ்கைப் தன் சில்க் என்ற சுருக்கியைக் கொடுத்தது. ஸ்பீக்ஸைத் தந்த வாலன் செல்ட் என்ற சுருக்கியுடன் வந்தார். இரண்டையும் இணைத்து ஓபஸ் பிறந்தது. 2012 செப்டம்பரில் அது பொதுத் தரமானது. விநாடிக்கு 6 கிலோபிட் முதல் 510 கிலோபிட் வரை எந்த இணைப்புக்கும் வளைந்துகொடுக்கும்; உரிமத் தொகை இல்லை. மூடிய பெட்டியிலிருந்த உழைப்பும் திறந்த உலகின் உழைப்பும் கலந்த அந்தச் சுருக்கிதான் இன்று கூகுள் மீட் உட்படப் பல சேவைகளின் அழைப்புகளில் ஒலிக்கிறது. இந்தக் கதையில் மனம் நிறையும் இடம் என்று ஒன்றைச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் 2003இல் எமில் இவோவ் மாணவராகத் தொடங்கிய திட்டம் ஒன்று, எஸ்ஐபி மென்பொருளாக வளர்ந்து, பின்னர் ஜிட்சி மீட் என்ற உலாவிவழிக் கூட்டமாக மாறியது. 2020இல் வீட்டுக்குள் முடங்கிய உலகம் ஜிட்சியைக் கண்டுகொண்டபோது, பயன்படுத்துபவர் எந்த இயங்குதளத்தில் இருக்கிறார் என்ற கேள்வியே எழவில்லை. ஸ்கைப்பும் 2016இல் உலாவித் தொழில்நுட்பத்தின் மேல் கட்டிய புதிய லினக்ஸ் பதிப்பைக் கொண்டுவந்து, மறு ஆண்டு பழையதை நிறுத்தியது. 2025 மே 5 அன்று ஸ்கைப் சேவையே எல்லா இயங்குதளங்களிலும் மூடப்பட்டது.

ஒலி வாசல்களும் சீராகிவிட்டன. விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் என்ற நான்காவது ஏற்பாடு, அல்சாவுக்கென்றோ பல்ஸ்ஆடியோவுக்கென்றோ எழுதப்பட்ட எந்த மென்பொருளையும் ஏற்றுக்கொள்கிறது. குறைந்த தாமதத்தை இலக்காகக் கொண்டது. 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34 அதை இயல்பாக்கியது, மற்றவையும் தொடர்ந்தன. இன்று அந்தப் பழைய மடிக்கணினியில் ஒரு புதிய லினக்ஸைப் போட்டு உலாவியைத் திறந்தால் குரல் போகும்.

மறுமுனை இன்னும் பூட்டியிருக்கிறது

மிச்சமிருப்பது எகிகாவை வீழ்த்திய அந்தக் கடைசித் தடை. ஸ்கைப் இருந்த இடத்தில் இப்போது வாட்ஸ்அப் இருக்கிறது. 2021 மார்ச்சில் அது கணினியிலிருந்து அழைக்கும் வசதியைத் தந்தபோது விண்டோஸுக்கும் மேக்குக்கும் செயலி வந்தது, லினக்ஸுக்கு வரவில்லை. லினக்ஸில் ஒலி பிசிறில்லாமல் போகிறது, நல்ல சுருக்கி இருக்கிறது, முகவரி மாற்றியைத் தாண்டும் முறையும் இருக்கிறது. ஆனாலும் வேறொரு மென்பொருளிலிருந்து வாட்ஸ்அப் எண்ணை அழைக்க முடியாது. அந்தக் கதவின் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டத்தின் வழியே அணுகியிருக்கிறது. அதன் எண்ணியச் சந்தைச் சட்டம், பெரிய செய்திச் சேவைகள் மற்ற சேவைகள் கேட்டால் அவற்றோடு இணைந்து பேச வழி தர வேண்டும் என்கிறது. வாட்ஸ்அப் 2023 செப்டம்பரில் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட சேவைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. முதலில் இருவருக்கிடையிலான எழுத்துச் செய்திகள், பிறகு குழுச் செய்திகள். குரல் அழைப்புக்கும் காணொளி அழைப்புக்கும் நான்கு ஆண்டு அவகாசம். அதன்படி 2027 செப்டம்பருக்குப் பிறகு ஐரோப்பாவில் இருக்கும் ஒருவர், லினக்ஸில் ஓடும் வேறொரு அழைப்பு மென்பொருளிலிருந்து வாட்ஸ்அப்பில் இருக்கும் தன் உறவினரைக் கூப்பிடும் வாய்ப்பு சட்டப்படி திறக்கும். அந்த மென்பொருளை நடத்துபவர் இணைப்பைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்; மறையாக்கத்தின் வலுவும் குறையக் கூடாது என்பது நிபந்தனை.